மாதவரம், புழல், பர்மா பஜார்: மக்கள் ஏன் ஊர்விட்டு ஊர் போகிறார்கள்? யாரை உள்ளே விடுவது என ஒரு நாடு எப்படி முடிவு செய்கிறது?

மாதவரத்தில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்காக மஞ்சள் ஹெல்மெட் போட்டு நிற்கும் பீகார் இளைஞர். சில கிலோமீட்டர் தள்ளி, புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். பாரிமுனையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரில் தாத்தா தொடங்கிய கடையை இன்று நடத்தும் பேரன்.

மூவருமே இடம்பெயர்ந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் வாரிசுகள். மூவரும் வட சென்னையில்தான் இருக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் முன் மூவரும் ஒன்றல்ல.

பீகார் இளைஞர் இங்கே வர யாருடைய அனுமதியும் தேவையில்லை. பர்மா பஜார் பேரன் முழு இந்தியக் குடிமகன். தமிழே தாய்மொழியாக, சென்னையிலேயே பிறந்த முகாம் பெண்ணுக்கோ பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை.

ஏன் இப்படி? மக்கள் எதற்காக இடம்பெயர்கிறார்கள்? ஒரு நாட்டின் குடியேற்றக் கொள்கை எப்படி உருவாகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மக்கள் ஏன் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள்?

'அங்கே காசு அதிகம், அதனால போறாங்க' என்பது பாதி பதில்தான். அது மட்டுமே காரணம் என்றால் ஏழை ஊர்கள் எல்லாமே காலியாகி இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஐ.நா. மதிப்பீட்டின்படி 2024-ல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடி பேர். உலக மக்கள்தொகையில் இது 4 சதவீதம்கூட இல்லை. பெரும்பாலான மனிதர்கள் பிறந்த நாட்டிலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

கிளம்புகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன.

தள்ளும் காரணங்கள்: வேலையின்மை, மழை பொய்த்த நிலம், கடன், போர், கலவரம், அரசின் அடக்குமுறை.

இழுக்கும் காரணங்கள்: கூடுதல் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, பாதுகாப்பு, ஆள் தேவைப்படும் தொழிற்சாலைகள்.

தொடர்புச் சங்கிலி: ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒருவர். மாமனோ, மச்சானோ, ஒரே ஊர்க்காரரோ, மேஸ்திரியோ. தங்க இடம், முதல் வேலை, பயணச் செலவுக்குக் கைமாற்று எல்லாம் அந்த ஒருவர் மூலம்தான்.

மூன்றாவது விஷயம்தான் பலருக்கும் கண்ணில் படுவதில்லை. ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே தொழிலில், ஒரே தெருவில் குவிவது இதனால்தான். சுவரை எழுப்பி, சட்டத்தை இறுக்கிய பிறகும் வரவு சட்டென்று நிற்காமல் இருப்பதற்கும் இந்தச் சங்கிலி ஒரு முக்கியக் காரணம்.

பிழைப்பு தேடி வந்தவர், உயிருக்குப் பயந்து வந்தவர் என்று சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. நிஜத்தில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, கைக்குழந்தைகளோடு படகேறி தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கிய குடும்பங்களைத் துரத்தியது துப்பாக்கி அல்ல. பால் பவுடர் விலையும் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடும்.

ரங்கூனுக்குப் போன தமிழர்கள்

குடியேற்றக் கொள்கை எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துகொள்ள, பர்மா பஜாருக்குப் பின்னால் இருக்கும் கதையே போதும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மா, இந்தியாவின் ஒரு மாகாணம். அன்று மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூன் போவது, இன்று பாட்னாவில் ரயிலேறி சென்னை வருவது மாதிரி. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. நெல் அறுவடைக்கும், அரிசி ஆலைகளுக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும் ஆள் தேவைப்பட்டது. தமிழ், தெலுங்குக் கூலித் தொழிலாளர்கள் போனார்கள். வட்டித் தொழிலுக்குச் செட்டிநாட்டு நகரத்தார் போனார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம். ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை படுத்துவிட்டது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் வந்தது. விவசாயியின் கண்ணுக்கு உலகச் சந்தை தெரியவில்லை. எதிரே நின்ற வெளியூர்க்காரர்தான் தெரிந்தார்.

அதே 1930-ல் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை வேலைக்கு வைத்தன நிறுவனங்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை அனுப்பிவிட்டு மறுபடியும் இந்தியர்களை எடுத்தன. இரு தரப்பும் மோதிக்கொண்டதில் இந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். 1938-லும் கலவரம் வெடித்தது.

இதற்கிடையே 1937-ல் பர்மா, இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. நேற்று வரை உள்நாட்டுப் பயணமாக இருந்தது ஒரே நாளில் வெளிநாட்டுப் பயணமானது. 1941-ல் இந்தியர்கள் வருவதைக் கட்டுப்படுத்த ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. அது முழுதாக நடைமுறைக்கு வருவதற்குள் ஜப்பான் படை வந்துவிட்டது. லட்சக்கணக்கானோர் காடு, மலை வழியாக நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பல ஆயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள்.

1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்தடுத்து வங்கிகள், வியாபாரம், கடைகள் அரசுடைமை ஆயின. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு இந்தியர்கள் கப்பலேறினார்கள். 1963 ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு மட்டும் இப்படி வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர்.

அவர்களை இந்திய அரசு 'தாயகம் திரும்பியோர்' என்று ஏற்றுக்கொண்டது. வியாசர்பாடி, எண்ணூர் பகுதிகளில் குடியமர்ந்தார்கள். பிழைப்புக்குச் சாலையோரக் கடைகள் போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். அவர்களோடு வந்த அத்தோ இன்று வட சென்னையின் சொந்தச் சாப்பாடு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காகவே 1969-ல் தொடங்கப்பட்டதுதான், பலரும் நகைக்கடன் பலகையில் பெயர் பார்த்திருக்கும் ரெப்கோ வங்கி.

எல்லோருக்கும் சென்னை ஒட்டவில்லை. சிலர் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன.

அப்போ, பீகார் இளைஞருக்கு ஏன் விசா தேவையில்லை?

அரசியலமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுதான் காரணம். இந்தியா முழுக்கத் தடையின்றிப் போய்வரவும், எந்தப் பகுதியிலும் வசிக்கவும், எந்தத் தொழிலையும் செய்யவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் அது உரிமை தருகிறது. சில பழங்குடிப் பகுதிகள், சில வடகிழக்கு மாநிலங்கள் போன்ற விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி, வெளிமாநிலத்தவர் வரக் கூடாது என்று தமிழ்நாடு சட்டம் போட முடியாது. தமிழர்கள் வரக் கூடாது என்று மும்பையோ பெங்களூரோ சொல்லவும் முடியாது.

2011 கணக்கெடுப்பின்படி, பிறந்த ஊரிலோ கடைசியாக வசித்த ஊரிலோ இல்லாமல் வேறு இடத்தில் வாழும் இந்தியர்கள் 45 கோடிக்கும் அதிகம். இதில் பெரும்பங்கு கல்யாணமாகிப் புகுந்த வீடு போன பெண்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை என்பதால் பாதுகாப்பும் தானாக வந்துவிடாது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்காக 1979-லேயே தனிச் சட்டம் வந்தது. ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும், தங்க இடம் தர வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. ஆனால் 2020 ஊரடங்கில் எந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்குகூட அரசுகளிடம் சரியாக இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, உண்மையிலேயே பயந்து ரயில் ஏறியவர்கள் உண்டு.

'நம்ம வேலையை எடுத்துக்கிறாங்க' என்று இன்று திருவொற்றியூர் டீக்கடையில் கேட்கும் அதே வாக்கியம்தான் 1930-ல் ரங்கூன் துறைமுகத்தில் தமிழர்களையும் தெலுங்கர்களையும் பார்த்துச் சொல்லப்பட்டது.

உண்மையிலேயே உள்ளூர் வேலை போகிறதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. வருகிறவர்கள் வேலைக்கு மட்டும் வருவதில்லை. அவர்களும் அரிசி வாங்குகிறார்கள், வாடகை தருகிறார்கள், ரீசார்ஜ் செய்கிறார்கள். அதனால் புதிய வேலைகளும் உருவாகின்றன. உள்ளூர் இளைஞர்கள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டதால் காலியான இடங்களைத்தான் பல நேரங்களில் அவர்கள் நிரப்புகிறார்கள்.

மறுபக்கம், அதே வேலையை, அதே திறமையோடு செய்யும் உள்ளூர்க்காரருக்கு அடி விழலாம். 12 மணி நேர வேலைக்குக் குறைந்த கூலியில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் ஆள் கிடைத்தால், முறையாகச் சம்பளம் கேட்பவர் ஓரங்கட்டப்படுவார். இங்கே கூலியை இறக்குவது வந்தவரின் மொழியோ மாநிலமோ அல்ல. அவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அமலாகாததுதான். வந்தவருக்கும் சட்டப்படி கூலி தந்தால், மலிவு என்பதற்காக மட்டுமே ஆள் மாற்றும் காரணம் போய்விடும்.

ஒரு நாடு கொள்கையை எப்படி வகுக்கிறது?

எல்லா நாடுகளும் ஏறக்குறைய ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேடுகின்றன.

1. எத்தனை பேர்? அமெரிக்கா எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65 ஆயிரம், அங்கே மேல்படிப்பு படித்தவர்களுக்குக் கூடுதலாக 20 ஆயிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை அட்டையிலும் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால் இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

2. யார்? ஒரு காலத்தில் இதற்கு நிறமும் இனமும் அளவுகோலாக இருந்தன. ஆஸ்திரேலியா 1901-ல் தொடங்கி 1970-கள் வரை வெள்ளையர்களுக்கே முன்னுரிமை தந்தது. கனடா 1967-ல் படிப்பு, வயது, மொழி, அனுபவத்துக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தது. இன்று பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன.

3. எவ்வளவு காலம்? வளைகுடா நாடுகளுக்கு ஆள் வேண்டும், ஆனால் குடிமக்கள் வேண்டாம். அங்கே 30 வருடம் உழைத்தாலும் வேலை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

4. என்ன உரிமை? முதலாளியை மாற்றலாமா, குடும்பத்தை அழைத்துவரலாமா? கஃபாலா முறையில் தொழிலாளியின் விசாவே முதலாளி கையில். சிங்கப்பூரில் குறைந்த சம்பள ஒர்க் பெர்மிட்காரர் குடும்பத்தை அழைத்துவர முடியாது; உயர் சம்பளக்காரருக்கு அந்த வாய்ப்பு உண்டு.

5. குடியுரிமைக்கு வழி உண்டா? மற்ற நான்கையும்விடப் பெரிய கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விகளுக்கான பதிலைப் பொருளாதாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தேர்தல், பாதுகாப்பு அச்சம், பக்கத்து நாட்டோடு உள்ள உறவு, பழைய வரலாறு, மனிதாபிமானம் எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. முதலாளிக்கு ஆள் வேண்டும், வாக்காளருக்குப் பயம் இருக்கிறது, வெளியுறவுத் துறைக்கு வேறு கணக்கு. எது வலுவாக இழுக்கிறதோ அந்தப் பக்கம் கொள்கை சாயும்.

ஆளை அனுப்பும் நாட்டுக்கும் கொள்கை உண்டு. உலக வங்கி மதிப்பீட்டின்படி 2024-ல் இந்தியாவுக்கு வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பிய பணம் சுமார் 129 பில்லியன் டாலர், உலகிலேயே அதிகம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். ஏஜென்ட்டிடம் ஏமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

புழல் முகாம்: பிறந்த தேதியில் சிக்கிய குடியுரிமை

இப்போது மூன்றாவது நபருக்கு வருவோம்.

இந்தக் கதை 1948-ல் தொடங்குகிறது. சுதந்திரம் பெற்ற இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியாவும், 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1.5 லட்சம் பேரைப் பிறகு பார்ப்பது. 1974-ல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் முதலில் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். நீலகிரியில் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலையும் கிடைத்தது. 1984-ல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு, போர் முடியும் வரை பல கட்டங்களாக 3 லட்சத்துக்கும் அதிகமானோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள். இன்னும் சுமார் 58 ஆயிரம் பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்குத் தகுதியான மலையகக் குடும்பங்களும் அடக்கம். ஆனால் அவர்கள் வந்தது படகில். கையில் பாஸ்போர்ட் இல்லை. அதனால் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி'.

சரி, இங்கேயே பிறந்த பிள்ளைகள்? அது பிறந்த தேதியைப் பொறுத்தது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை: இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை: பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 3 முதல்: இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே முகாமில் பிறந்த அண்ணன், தங்கை. 1987 மே மாதம் பிறந்த அண்ணன் சட்டப்படி இந்தியர். 1989-ல் பிறந்த தங்கை இல்லை. அண்ணன் அதே முகாமில் 1990-ல் பிறந்த பெண்ணைத் திருமணம் செய்து, 2012-ல் குழந்தை பிறந்தால்? அப்பா இந்தியர், அம்மா சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்படுபவர். எனவே குழந்தைக்கும் பிறப்பு வழிக் குடியுரிமை கிடையாது.

இது வெறும் கணக்கு அல்ல. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல்முறையாக வாக்களித்தார். ஒன்றரை வருடம் தாமதமாகப் பிறந்திருந்தால் அந்த ஓட்டு இல்லை.

குடியுரிமை இல்லாதவர் இன்ஜினீயரிங் படிக்கலாம். ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தாலும் பாஸ்போர்ட் இல்லை. அதனால் படித்தவர்கள் பலர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனி அகதிகள் சட்டமும் இல்லை. அதனால் யாரை எப்படி நடத்துவது என்பதை அந்தந்தக் காலத்து அரசு முடிவு செய்கிறது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மதத்தினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று நாடுகளும் இஸ்லாத்தை அரச மதமாகக் கொண்டவை, அங்குள்ள சிறுபான்மையினருக்கான சட்டம் இது என்பது மத்திய அரசின் விளக்கம். மதத்தை அளவுகோலாக்கியதும், இலங்கைத் தமிழர்களை விட்டதும் தவறு என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் இச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் போட்டது.

மாநில அரசால் செய்ய முடிந்தது வேறு. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. 7,469 வீடுகள் கட்டும் திட்டமும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டன. வீடு கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம். குடியுரிமை கொடுக்க மத்திய அரசால்தான் முடியும்.

2025 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 1920, 1939, 1946-ஆம் ஆண்டுகளின் பிரிட்டிஷ் காலச் சட்டங்களையும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் நீக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. அதோடு வந்த விலக்கு உத்தரவில், 2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று சொல்லப்பட்டது. பெரிய நிம்மதிதான். ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே, குடியுரிமை அல்ல.

சுருக்கமாக:

மக்கள் பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் நகர்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

நாட்டுக்குள் நகர்வது உரிமை. எல்லை தாண்டினால் அது அனுமதி. எது எல்லை என்பது காலத்தோடு மாறும். 1937-க்கு முன் ரங்கூனும் 'உள்ளூர்'தான்.

வந்தவர்களைச் சீக்கிரம் குடிமக்களாக்கிய இடத்தில் பர்மா பஜார் உருவானது. அந்தக் கதவு திறக்காத இடத்தில், வந்து 40 வருடம் ஆன பிறகும் முகாம் முகாமாகவே இருக்கிறது.

காவாங்கரை முகாமில் இன்று பிறக்கும் குழந்தைக்கு மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும். பிறந்த இடம் சென்னை என்று அதில் இருக்கும். எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்விக்கு மட்டும், அந்தக் குழந்தையின் தாத்தா படகிலிருந்து இறங்கிய நாளில் இருந்த அதே பதில்தான் இன்றும்.